கனவான்களும் கேடிகளும்: தொழில்முறை கோல்ஃப் வீரராக என்ன தகுதி வேண்டும்?

டொரொன்டோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய மகனுக்கு 15 வயது. வீட்டுக்கு அருகிலுள்ள மாநகர சபைப் புற்றரையொன்றில் கோல்ஃப் பழகி, இப்போது மூன்று ஹேண்டிகெப் வரை வந்துவிட்டானாம். "அண்ணை, இவன் படிப்பை விட்டுட்டு புரொபெஷனலாக வரப்போறன் எண்டு நிற்கிறான். அதுக்கு எத்தினை அடிக்க வேணும்? நீங்கள் பேப்பர்க்காரர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று கேட்டிருந்தார்.

பேப்பர்க்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை நமது சமூகத்தில் இன்னமும் முற்றாக அற்றுப்போகவில்லை. உண்மையைச் சொல்வதானால், கோல்ஃப் விளையாட்டை முதன்முதலில் நான் பார்த்தது நுவரெலியா பஸ்ஸின் யன்னல் வழியாகத்தான். பின்னர், பத்திரிகையில் சேர்ந்த புதிதில் விளையாட்டுப் பக்கத்துக்காக வெளிநாட்டுச் செய்தியொன்றை மொழிபெயர்த்தபோது, அமெரிக்க கோல்ஃப் வீரர் ஒருவர் "தகுதிப் பள்ளிக்கூடத்தில் சித்தியடைந்தார்" என்று எழுதிக்கொடுத்தேன். மூத்த உதவி ஆசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "தம்பி, இந்தப் பள்ளிக்கூடம் எந்த ஊரிலை இருக்குது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அவரிடமும் இருக்கவில்லை. அந்த வசனத்தை வெட்டிவிட்டு பக்கத்தை அச்சுக்கு அனுப்பினோம். டொரொன்டோ அன்பருக்காகத் தேடிப் படித்தபோது, அன்று வெட்டிய வசனத்துக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு கிடப்பது தெரிந்தது.

முதலில் அவர் கேட்ட கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 18 குழிகள் கொண்ட புற்றரையொன்றில் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் எடுக்க வேண்டிய அடிகள் பெரும்பாலும் 72 என வகுக்கப்பட்டிருக்கும். அதற்குமேல் ஒருவர் வழமையாக எத்தனை அடிகள் எடுக்கக்கூடியவர் என்பதைக் காட்டும் எண்ணே, ஏறத்தாழ, ஹேண்டிகெப் எனப்படுவது. தொழில்முறை வீரர்களில் இரு வகையினர் உள்ளனர். கழகமொன்றில் இருந்துகொண்டு ஆட்டம் கற்பிப்பவர்கள் ஒரு வகை. பரிசுப் பணத்துக்காக ஊரூராகச் சென்று விளையாடுபவர்கள் மறு வகை. அமெரிக்காவில் முதல் வகையினராக விரும்புவோர் பிஜிஏ எனப்படும் தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கத்தின் ஆட்டத்திறன் சோதனையில் தேற வேண்டும். நெடுங்காலமாக நடைமுறையிலிருந்த சோதனை, ஒரே நாளில் 36 குழிகளை ஆடி முடிப்பது. புற்றரைக்கு நிர்ணயிக்கப்பட்ட தர எண்ணை இரண்டால் பெருக்கி 15ஐக் கூட்டினால் வருவது எல்லை. தர எண் 72 என்றால் 159. சோதனைக்கு வருபவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்கூடத் தேறுவதில்லை என்பது அச்சங்கமே சொல்லிவந்த கணக்கு. பிரித்தானியச் சங்கம் 2000களில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் ஆண்களிடம் 4.4க்கு மேற்படாத ஹேண்டிகெப்பையும், பெண்களிடம் 6.4க்கு மேற்படாததையும் எதிர்பார்த்தது.

ஆகவே அந்தப் பிள்ளை கற்பிக்கும் தொழிலுக்கு இப்போதே வாசலில் நிற்கிறான் எனலாம். இரண்டாம் வகை வேறு உலகம். அங்கே மூன்று ஹேண்டிகெப் என்பது ஒன்றுமில்லை. சுழியமும் போதாது. 72க்குக் கீழே நான்கு, ஐந்து அடிகளை வழமையாகவே எடுக்கக்கூடியவர்கள்தான் அங்கே பிழைக்கிறார்கள்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றில் அடிகளின் கணக்கு மிகப் பிந்தியே வந்து சேர்ந்தது என்பதே என்னை வியக்க வைத்தது. தொழில்முறை வீரராவதற்கு முன்னர் கேட்கப்பட்டவை வேறு தகுதிகள்.

1860ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக் என்னும் ஊரில் எட்டுப் பேர் கூடினார்கள். இன்று 'ஓபன்' என்று உலகமே அழைக்கும் சுற்றுப்போட்டியின் முதலாவது அத்தியாயம் அது. முந்திய ஆண்டில் அலன் றொபேர்ட்சன் காலமாகியிருந்தார். இறகு அடைத்த தோற்பந்துகளைச் செய்து விற்று வாழ்ந்த அவரே முதலாவது தொழில்முறை கோல்ஃப் வீரர் என்று பலராலும் கருதப்படுபவர். 1858இல் சென் அன்ட்றூஸ் புற்றரையை 79 அடிகளில் ஆடி முடித்து, அங்கே 80க்குக் கீழ் இறங்கிய முதல் மனிதரானவர். அவருக்குப் பின் ஆட்டத்தில் முதல்வர் யார் என்று தீர்ப்பதற்கே போட்டி ஏற்பாடாயிற்று. கழகங்களுக்கு அழைப்புக் கடிதங்கள் சென்றன. அக்கடிதங்கள் கேட்டது ஓட்டக் கணக்கையோ அடிக் கணக்கையோ அல்ல. அனுப்பப்படுபவர்கள் அறிமுகமான, மரியாதைக்குரிய கேடிகளாக இருக்க வேண்டும் என்பதையே கேட்டன.

தமிழில் கேடி என்றால் பொலிஸ் பட்டியலில் இடம்பெற்ற ஆசாமி. கோல்ஃபில் கேடி என்றால் கனவான்களின் மட்டைகளைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பவர். இரண்டு சொற்களுக்கும் உறவில்லை. ஆனால் அன்றைய ஸ்கொட்டியக் கனவான்களின் பார்வையில் இரண்டுக்கும் பெரிய தூரமும் இருக்கவில்லை. குடித்துவிட்டு வருவார்கள், சண்டை பிடிப்பார்கள் என்ற அச்சத்திலேயே நன்னடத்தை கேட்கப்பட்டது. வந்தவர்கள் நல்ல உடையின்றி இருந்தமையால், எக்ளின்டன் பிரபுவின் தோட்டத் தொழிலாளர் அணியும் கட்டம் போட்ட தடித்த மேலங்கிகள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றை அணிந்துகொண்டே ஆடினார்கள். 12 குழிகள் கொண்ட புற்றரையை ஒரே நாளில் மூன்று முறை சுற்றி, வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார். இரண்டு அடிகள் கூடுதலாக எடுத்த டொம் மொறிஸ் இரண்டாமவர். வென்றவருக்கு ஓர் இடுப்புப் பட்டி. பணம் ஒரு சதமும் இல்லை. பரிசுப் பணம் 1863இலேயே எட்டிப்பார்த்தது.

அக்காலத்தில் தொழில்முறை வீரர் என்பது திறமைக்கு வழங்கப்பட்ட பட்டமன்று. அது ஒருவன் எந்தப் படியில் பிறந்தான் என்பதன் அடையாளம். மட்டை செய்பவன், பந்து தைப்பவன், புல் வெட்டுபவன், பை சுமப்பவன் ஆகியோரே தொழில்முறையினர். பணத்துக்காக ஆட வேண்டிய அவசியம் இல்லாதவன் அமெச்சூர். இன்று 'அமெச்சூர்' என்றால் அரைகுறை என்று பொருள்கொள்கிறோம். அன்று அது உயர்குடிச் சொல். கிரிக்கெட் இரசிகர்களான நமது வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் 'கனவான்கள்', 'ஆட்டக்காரர்கள்' என்ற பிரிவு 1962 வரை உயிரோடு இருந்தது. இரு சாராரும் தனித்தனி வாயில்களால் மைதானத்துக்குள் இறங்கிய கதைகளை நாம் படித்திருக்கிறோம்.

கோல்ஃபில் அந்த வாயில் கழகக் கட்டடத்தின் கதவாக இருந்தது. தொழில்முறையினர் அதற்குள் நுழைய முடியாது. 1901இல் ஜே. எச். டெய்லர், ஹறி வார்டன், ஜேம்ஸ் பிறெய்ட் முதலானோர் பிரித்தானியாவில் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். டெய்லர் சிறுவயதில் கேடியாக இருந்தவர். ஆனால் சங்கம் அமைந்த பின்னரும் கதவு திறக்கவில்லை. 1920இல் டீல் என்ற இடத்தில் ஓபன் ஆட வந்த அமெரிக்கர் வோல்டர் ஹேகன், உடைமாற்ற இடம் தரப்படாததால் ஆடம்பர மோட்டார் வண்டியொன்றை வாடகைக்கு எடுத்துக் கழகத்தின் வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். 1923இல் ட்றூன் நகரில் இரண்டாமிடம் பெற்றபோது, பரிசளிப்புக்காக மட்டும் உள்ளே வருமாறு அழைத்தார்கள். ஹேகன் மறுத்துவிட்டு, கூடியிருந்த சனங்களைத் தம்முடன் மதுச்சாலைக்கு வருமாறு அழைத்தார் என்பது கோல்ஃப் உலகில் இன்றும் சொல்லப்படும் கதை. அமெரிக்காவில் 1920இலேயே டொலீடோ நகரின் இன்வர்னெஸ் கழகம் தனது கதவை வீரர்களுக்குத் திறந்துவிட்டது. நன்றிக்கடனாக வீரர்கள் பணம் சேர்த்து ஒரு பெரிய மணிக்கூட்டை அக்கழகத்துக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவிலும் வினோதங்களுக்குக் குறைவில்லை. ஒருவன் 16 வயதுக்குப் பின்னரும் கூலிக்குப் பை சுமந்தால் அவனைத் தொழில்முறையினன் எனக் கொள்ளும் விதி ஒரு காலத்தில் இருந்தது. ஒரு பந்தைக்கூடப் பணத்துக்காக அடித்திருக்க வேண்டியதில்லை. கேடியாக வளர்ந்து, 1913இல் 20 வயதில் அமெச்சூராகவே அமெரிக்க ஓபனை வென்ற பிரான்சிஸ் விமெற், விளையாட்டுப் பொருள் கடை நடத்தினார் என்பதற்காக 1916இல் அமெச்சூர் தகுதியை இழந்தார். இரண்டு ஆண்டுகளின் பின்னர்தான் அது திரும்பக் கிடைத்தது.

ஆயினும் விமெற் வெள்ளையர். அடுத்த தகுதி தோலின் நிறம்.

ஜோன் ஷிப்பன் என்ற கறுப்பின இளைஞரின் கதையை 1896இலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய தந்தையார் நியூயோர்க் மாநிலத்தின் லோங் தீவில் ஷினகொக் என்னும் அமெரிக்கப் பழங்குடியினரிடையே பணியாற்றிய கிறிஸ்தவ போதகர். அங்கே கோல்ஃப் புற்றரை அமைந்தபோது ஷிப்பன் அந்த வேலையில் ஈடுபட்டு, கேடியாகி, ஆட்டத்தையும் கற்றுக்கொண்டார். அவ்வாண்டு அமெரிக்க ஓபன் அதே புற்றரையில் நடைபெற்றது. 16 வயது ஷிப்பனும், ஷினகொக் இனத்தவரான ஒஸ்கார் பன்னும் பதிவுசெய்தபோது, பிரித்தானியாவிலிருந்து குடியேறியிருந்த தொழில்முறை வீரர்கள், இவர்கள் ஆடினால் தாங்கள் ஆடமாட்டோம் என்றார்கள். சொந்த ஊரில் கழகக் கதவுக்கு வெளியே நின்ற அதே வர்க்கத்தினர்தான் இப்படிச் சொன்னார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவர் தியோடோர் ஹவமேயர், அவ்விருவர் மட்டுமே ஆடுவதானாலும் போட்டி நடைபெறும் என்று கூறிவிட்டார். எல்லோரும் ஆடினார்கள்.

36 குழிகள், ஒரே நாள். ஷிப்பன் முதற் சுற்றில் 78, இரண்டாவதில் 81. பதின்மூன்றாம் குழியில் மட்டும் பந்து மணற்பாதையில் சிக்கி 11 அடிகளை விழுங்கியது. மொத்தம் 159. வென்ற ஜேம்ஸ் ஃபவுலிஸின் எண்ணிக்கை 152. ஷிப்பனைப் போலவே 159 எடுத்த இன்னொருவர் எச். ஜே. விகாம். அவ்வாண்டின் அமெரிக்க அமெச்சூர் சம்பியன், கனவான்.

மேலே சொன்ன ஆட்டத்திறன் சோதனையின் எல்லையும் 36 குழிகளுக்கு 159 என்பது தற்செயல்தான். அன்றைய புற்றரை மிகக் குறுகியது, பந்தும் மட்டையும் வேறு. இரண்டையும் ஒப்பிடுவது முறையன்று. ஆனாலும் அந்த எண்ணைக் கண்டபோது சிறிது நேரம் மேற்கொண்டு எழுதாமல் இருந்துவிட்டேன்.

1916இல் அமெரிக்கப் பிஜிஏ உருவாகியது. 1934இல் அதன் யாப்பில், வெள்ளை இனத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. வழக்கமாக இருந்த ஒதுக்கல் எழுத்தில் வந்தது. இந்த வாசகத்தோடு மல்லுக்கட்டியவர்களில் என் மனதை அதிகம் தொட்டவர் பில் ஸ்பில்லர். அவர் பல்கலைக்கழகப் பட்டதாரி. வேறு நல்ல தொழில் கிட்டாமல் லொஸ் ஏஞ்சலிஸ் புகையிரத நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தார். கோல்ஃபைத் தொடங்கியதே இருபது வயதுகளின் இறுதியில். 1948இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஓபனில் அவரும் டெட் றோட்ஸும் முதல் 60 பேருக்குள் வந்தார்கள். அப்படி வந்தவர்கள் அடுத்து நடக்கும் றிச்மண்ட் ஓபனில் ஆடலாம் என்பது விதி. அங்கே சென்று பயிற்சியும் ஆடிய பின்னர், உறுப்பினர் அல்லாதவர்கள் ஆட முடியாது என்று தடுக்கப்பட்டார்கள். ஏன் உறுப்பினரில்லை? யாப்பு இடந்தராது. வட்டம் இவ்வாறு மூடப்பட்டிருந்தது.

வழக்குத் தொடுத்தார்கள். இனி ஒதுக்கமாட்டோம் என்ற வாக்குறுதியை நம்பி வழக்கை விலக்கிக்கொண்டார்கள். அதன்பின்னர் பல சுற்றுப்போட்டிகள் 'ஓபன்' என்பதிலிருந்து 'அழைப்புப் போட்டி' என்ற வகைக்கு மாறின. அழைப்பு எவருக்குப் போகும், எவருக்குப் போகாது என்று நான் விளக்க வேண்டியதில்லை. வாக்குறுதிகளும் ஒப்பந்தங்களும் சொல்மாற்றத்தால் வெறுமையாவதை நமது வாசகர்கள் வேறிடங்களில் நன்கு கண்டிருக்கிறார்கள்.

இறுதியில் கதவை உடைத்தது ஒரு கேடியின் பேச்சு. வயதேறிய ஸ்பில்லர் லொஸ் ஏஞ்சலிஸ் கழகமொன்றில் பை சுமந்துகொண்டிருந்தபோது, தாம் சேவித்த உறுப்பினர் ஒருவரிடம் தமது கதையைச் சொன்னார். அந்த மனிதர் கலிபோர்னியாவின் சட்டமா அதிபர் ஸ்டான்லி மொஸ்க்குக்கு அதைத் தெரியப்படுத்தினார். இந்த வாசகம் இருக்கும்வரை எமது மாநிலத்தின் பொதுப் புற்றரைகளில் உங்கள் போட்டிகளுக்கு இடமில்லை என மொஸ்க் அறிவித்தார். தனியார் புற்றரைகளில் நடத்துவோம் என்றது சங்கம். அதையும் தடுப்பேன் என்றார் அவர். லொஸ் ஏஞ்சலிஸில் நடைபெறவிருந்த 1962ஆம் ஆண்டின் பிஜிஏ சம்பியன்ஷிப்பை பென்சில்வேனியாவுக்கு மாற்றினார்கள். ஏனைய மாநிலங்களுக்கும் மொஸ்க் எழுதத் தொடங்கியதும், 1961 நவம்பரில் வாசகம் நீக்கப்பட்டது. சார்லி சிஃபர்ட் உள்ளே சென்று 1967இலும் 1969இலும் பிஜிஏ டூர் போட்டிகளை வென்றார். ஸ்பில்லருக்கு வயது கடந்துவிட்டிருந்தது.

இதே காலத்தில் தென்னாபிரிக்காவில் நிகழ்ந்ததையும் குறிப்பிட்டாக வேண்டும். டேர்பன் நகரம் எமது வாசகர்கள் பலருக்கும் உறவுள்ள நகரம். அங்கே இந்திய வம்சாவளிக் குடும்பமொன்றில் பிறந்தவர் 'பப்வா' என்று அழைக்கப்பட்ட செவ்சங்கர் செவ்கோலும். கேடி. பள்ளிப் படிப்பில்லை. எவரும் கற்றுக்கொடுக்காததால் மட்டையில் கைகளை மாற்றிப் பிடித்தார். வலக்கை ஆட்டக்காரர்கள் வலக்கையைக் கீழே வைப்பார்கள், இவரோ இடக்கையைக் கீழே வைத்தார். எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே திருத்திவிடும் பிழை அது. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் டச்சு ஓபனை வென்றார். அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றவர், அவர் யாருக்குப் பை சுமந்தாரோ அந்த வெள்ளையரான கிறகம் வுல்ஃப்.

1963இல் டேர்பன் கண்ட்றி கிளப்பில் நட்டால் ஓபனில் ஆட அனுமதி கிடைத்து, வெள்ளை வீரர்கள் நூறு பேருக்கு மேல் ஆடிய அப்போட்டியை வென்றார். பரிசளிப்பின்போது மழை. வெள்ளையர் கழகக் கட்டடத்துக்குள் இருக்க, பப்வா வெளியே மழையில் நின்று கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். அந்தச் செய்தியும் படமும் உலகப் பத்திரிகைகளில் வெளியாகித் தென்னாபிரிக்க விளையாட்டின் மீதான புறக்கணிப்புக்கு வலுச்சேர்த்தன. 1965இல் அதே நட்டால் ஓபனில், அப்போது உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான கரி பிளேயரையும் முந்தி வென்றார். அதன்பின்னர் வெள்ளையர் போட்டிகளில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது. 1978இல் வறுமையில் காலமானார். அவருடைய ஆட்டத்தில் எந்தத் தகுதி குறைவாக இருந்தது?

இப்போது எனது பழைய 'பள்ளிக்கூடத்துக்கு' வருகிறேன். 1965இல் அமெரிக்கப் பிஜிஏ, புளோரிடாவில் முதலாவது தகுதிப் பள்ளியை நடத்தியது. 49 பேர் வந்தார்கள். எட்டுச் சுற்றுகள், 144 குழிகள். 17 பேருக்கு அனுமதி அட்டை கிடைத்தது. முதலிடம் ஜோன் ஷ்லீ. நன்னடத்தைக் கடிதம், பிறப்பு, நிறம் எல்லாம் போய், இத்தனை அடிகளுக்குள் வந்தால் உள்ளே, ஓர் அடி கூடினால் வெளியே என்ற கணக்கு அப்போதுதான் உறுதியாயிற்று. குரூரமான கணக்கு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கடைசிக் குழியில் ஒரு முழத் தூரத்துப் பந்தைத் தவறவிட்டு ஓராண்டு வாழ்க்கையை இழந்தவர்கள் உண்டு. நான் அந்தக் குரூரத்தை விரும்புகிறேன். ஸ்பில்லர் கேட்டதும் இதைத்தானே.

அந்தப் பள்ளியும் மாறியது. 2012 வரை அதில் தேறினால் நேரடியாக பிஜிஏ டூர். 2013 முதல் இரண்டாம் தரத் தொடருக்கு மட்டுமே வழி. 2023இல் மீண்டும் நேரடி இடம் வந்தது. ஆனால் ஏறத்தாழ ஐவருக்கு மட்டும். சோதனையில் தோற்றுவதற்கே ஆயிரக்கணக்கான டொலர் கட்டணம். ஒருகாலத்தில் கேடிகள் மட்டுமே ஆகக்கூடியதாக இருந்த தொழிலில், இன்று கேடியின் பிள்ளை நுழைவதற்கு யாராவது பணம் கட்ட வேண்டும்.

எமது பிராந்தியத்தில் கேடிகளின் வழி இன்னும் முற்றாக அடைபடவில்லை. டெல்லிப் புற்றரையில் பை சுமந்த அலி ஷேர் 1991இலும் 1993இலும் இந்திய ஓபனை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசுவாமி முனியப்பா 2009இல் அதே கிண்ணத்தை உயர்த்தினார். மலேசியாவில் எம். ராமையாவும் பி. குணசேகரனும் தமிழ்ப் பெயர்களை இந்த விளையாட்டின் பெயர்ப்பலகைகளில் ஏற்றினார்கள். இலங்கையில் 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் புற்றரைக்குக் குறுக்கே களனிவெளிப் புகையிரதம் இன்றும் ஓடுகிறது. யன்னலோரம் இருந்து அந்தப் பச்சையைப் பார்த்துச் செல்லும் பயணிகளில் எத்தனை பேர் அதில் கால் வைத்திருப்பார்கள் என்று அந்த வழியால் போகும்போதெல்லாம் எண்ணுவேன்.

டொரொன்டோ அன்பருக்கு இவ்வளவையும் எழுதவில்லை. எண்களை மட்டும் அனுப்பினேன். படிப்பை விடாமலே ஆடலாம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோல்ஃபுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் உடனே பதில் போட்டார். "தம்பி மூண்டை சுழியமாக்கட்டும், பிறகு பாப்பம் எண்டு சொல்லிப்போட்டன்."

அமெரிக்கப் பிஜிஏ 2009இல் ஜோன் ஷிப்பன், டெட் றோட்ஸ், பில் ஸ்பில்லர் ஆகிய மூவரையும் தனது உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது. ஷிப்பன் இறந்து 41 ஆண்டுகள், றோட்ஸ் இறந்து 40 ஆண்டுகள், ஸ்பில்லர் இறந்து 21 ஆண்டுகள் கழிந்திருந்தன.